ராக் குழுக்களின் பங்காளிச் சண்டை: பாட்டுக்குக் கீழே யார் பெயர் என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் ஒயாசிஸ் குழு மறுபடி மேடையேறியதிலிருந்து, புகழ்பெற்ற ராக் குழுக்கள் ஏன் உடைகின்றன என்ற பேச்சு இங்கும் அடிபடுகிறது. சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி: தலைக்கனம், போதை, அண்ணன் தம்பி சண்டை. இல்லையென்றால் 'அந்தப் பெண் வந்துதான் கெடுத்தாள்'. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனை மணந்த யோகோ ஓனோ அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தப் பழியைச் சுமக்கிறார். வழக்கு ஆவணங்களையும் ஒப்பந்தங்களையும் படித்தால் வேறு விஷயம் தெரிகிறது. பெரும்பாலான குழுக்களைப் பிரித்தது பணம் வந்து சேரும் வழி. குறிப்பாக, பாட்டை எழுதியவர் என்று யார் பெயர் பதிவாகிறது என்பது.

அடிதடிதான் குழுவை உடைக்கும் என்றால் கிங்க்ஸ் குழு 1965-லேயே முடிந்திருக்க வேண்டும். அந்த வருடம் மே மாதம், இதே கார்டிஃபில், கேபிடல் தியேட்டர் மேடையில் கிட்டார் வாசித்த டேவ் டேவிஸ் டிரம் செட்டை எட்டி உதைத்தார். டிரம்மர் மிக் ஏவரி பதிலுக்கு ஹை-ஹாட் என்ற தாளத்தட்டை எடுத்து அவர் தலையில் அடித்தார். டேவிஸ் ரத்தம் வழிய மேடையிலேயே விழுந்தார். ஆளைக் கொன்றுவிட்டோம் என்று பயந்து ஏவரி ஓடி ஒளிந்துகொண்டார். அதே ஏவரி அதன் பிறகும் 1984 வரை அதே குழுவில்தான் வாசித்தார். குழு 1996 வரை ஓடியது. ஆத்திரத்தில் அடித்ததை மனிதர்கள் மன்னித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும் ராயல்டி கணக்கை மன்னிப்பது கடினம்.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடி வாசித்து ஸ்டூடியோவில் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவதன் வருமானம் எழுதியவருக்கும், அவர் சார்பில் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும் போகும். இரண்டாவதில்தான் குழு முழுமைக்கும் பங்கு. அமெரிக்காவில் சாதாரண எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் வழியாக எழுதியவருக்குப் பணம் வரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசு வராது. அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான்.

இசைத்தட்டு விற்பனையிலும் இதே கதைதான். 2006 முதல் 2022 வரை அமெரிக்காவில் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 9.1 சென்ட் எழுதியவருக்குத் தர வேண்டும் என்பது சட்ட விகிதம். குழுவினரே எழுதிய பாட்டென்றால் அதில் முக்கால் பங்குதான், ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வரைதான் என்று நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். அப்படியானால் ஓர் ஆல்பத்துக்கு 68.25 சென்ட். 10 லட்சம் பிரதி விற்றால் 6,82,500 டாலர். பதிப்பு நிறுவனம் கால் பங்கு எடுத்துக்கொண்டாலும் எழுதியவர் கைக்கு ஏறக்குறைய 5,12,000 டாலர் வரும்.

நால்வர் குழுவில் ஒருவரே எழுதுகிறார் என்றால், மற்ற மூவருக்கு? ஒலிப்பதிவு ராயல்டி பிரதிக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் அதே விற்பனைக்கு 10 லட்சம் டாலர் வரவு. ஆனால் முன்பணம், ஸ்டூடியோ வாடகை, வீடியோ செலவில் பாதி, சுற்றுப்பயணத்துக்கு நிறுவனம் கொடுத்த தொகை எல்லாமே குழுவின் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். அவை சேர்ந்து 11 லட்சம் ஆகியிருந்தால், 10 லட்சம் பிரதி விற்ற பிறகும் குழு ஒரு லட்சம் டாலர் கடனில் நிற்கும். டிரம்மருக்குப் பூஜ்யம். எழுதியவரின் ராயல்டியில் பொதுவாக இந்தக் கடனைக் கழிக்க மாட்டார்கள். முதல் பிரதி விற்ற நாளிலிருந்தே அவருக்குப் பணம் சேர ஆரம்பித்துவிடும். ஒரே பேருந்தில் ஊர் ஊராகப் போகும் நால்வரில் ஒருவர் வீடு வாங்குகிறார், மூவருக்கு வாடகை பாக்கி. இரண்டாவது ஆல்பத்துக்குள் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஸ்டூடியோவில் நடக்கும் எந்த விவாதமும் வெறும் இசை விவாதமாக இருக்க முடியாது.

குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' 1975-ல் சிங்கிள் தட்டாக வந்தபோது, அதன் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய 'ஐயாம் இன் லவ் வித் மை கார்' இடம்பெற்றது. தட்டை வாங்கியவர்கள் வாங்கியது ஃப்ரெடி மெர்குரியின் பாட்டுக்காக. ஆனால் ஒரு தட்டு விற்றால் இரண்டு பக்கப் பாட்டையும் எழுதியவர்களுக்கு ஒரே அளவு தொகைதான். அந்தப் பின்பக்கப் பாட்டு குழுவுக்குள் பல வருடங்கள் புகைந்தது. 1989-ல் 'தி மிராக்கிள்' ஆல்பம் வந்தபோது, யார் எழுதினாலும் 'குவீன்' என்றே பெயர் போடுவது என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதைப் பாட்டின் தரத்தை வைத்தே பேச முடிந்தது என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள்.

ஆல்பங்கள் வந்த எல்பி தட்டின் அளவும் சண்டைக்கு ஒரு காரணம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல ஒலியோடு பிடிக்கும். மொத்தம் பத்து முதல் பதினான்கு பாட்டுகள். பீட்டில்ஸில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு பெரும்பாலான தட்டுகளில் ஒன்றிரண்டு இடங்களே கிடைத்தன. அவர் நல்ல பாட்டு எழுத ஆரம்பித்த பிறகும் அந்த ஒதுக்கீடு அதிகம் மாறவில்லை. குழு பிரிந்த அதே 1970-ன் நவம்பரில் அவர் மூன்று தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வெளியிட்டார். அத்தனை பாட்டு தேங்கிக் கிடந்திருக்கிறது! ஒரு குழுவில் இரண்டு பேர் எழுதினால் சமாளிக்கலாம். மூன்றாவது ஆளும் எழுதத் தொடங்கினால் தட்டில் இடம் போதாது.

'எழுதுவது' என்றால் எது என்பதிலேயே தகராறு உண்டு. பாடும் மெட்டும் வரிகளும்தான் பாட்டு, மற்றதெல்லாம் வாசிப்பு என்பது பழைய வழக்கம். புரோகல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967-ல் வந்தது. அதைக் கேட்டவர் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மேத்யூ ஃபிஷர் வாசித்த ஆர்கன் பகுதி. அவர் பெயர் எழுதியவர் பட்டியலில் இல்லை. 2005-ல் வழக்குப் போட்டார். 2009 ஜூலையில் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு இசை உரிமையில் 40 சதவீதம் உண்டு என்று தீர்த்தது, அதுவும் 2005-க்குப் பிந்தைய வருமானத்தில் மட்டும். 38 வருட வருமானம் போனது போனதுதான். பதிவு முடிந்த அன்று மாலையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் பாட்டு ஹிட் ஆகுமா என்றே தெரியாத அன்று சதவீதம் பேச யாருக்கு வாய் வரும்? அந்தக் கூச்சம்தான் எல்லாக் குழுக்களையும் கடைசியில் நீதிமன்றத்துக்கு இழுத்துப் போகிறது.

பீட்டில்ஸ் பிரிவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அதிகமாகத் தவறாகப் பேசப்படுகிறது. 1967 ஏப்ரலில் நால்வரும் பத்தாண்டுக்கு ஒரு பங்குதாரர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பாட்டெழுதும் வருமானம் தவிர மற்றதெல்லாம், ஒருவர் தனியாகச் சம்பாதித்தது உட்பட, பொதுக் கணக்குக்கு. நான்கு மாதத்தில் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் இறந்துபோனார். பாட்டு உரிமைகளை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில், அது 1965-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது, லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தலா 15 சதவீதம். ஹாரிசனுக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் சேர்த்தே 1.6 சதவீதம். 1969-ல் அதன் முக்கியப் பங்குதாரர் டிக் ஜேம்ஸ் இவர்களிடம் சொல்லாமலே தன் பங்கை ஏடிவி நிறுவனத்துக்கு விற்றார். அதைத் தடுக்கப் பங்குகளை எண்ணிப் பார்த்தபோதுதான், மெக்கார்ட்னி சத்தமில்லாமல் கூடுதல் பங்கு வாங்கி வைத்திருந்தது லெனனுக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் புது மேலாளர் யார் என்ற தகராறு. மூவர் ஆலன் கிளைனை நியமித்தார்கள். மெக்கார்ட்னி தன் மனைவியின் குடும்பத்தைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் வழக்கறிஞர்களை விரும்பினார், கிளைனின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்.

கிளைனிடமிருந்து விடுபட மெக்கார்ட்னிக்கு ஒரே வழிதான் இருந்தது. பங்குதாரர் ஒப்பந்தத்தில் கிளைன் ஒரு தரப்பு இல்லை, அவர் மீது வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் மூன்று நண்பர்கள். 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் அந்த மூவர் மீதும் வழக்குத் தொடர்ந்தார். 1971 மார்ச்சில் நீதிமன்றம் குழுவின் சொத்தை நிர்வகிக்க ஒரு ரிசீவரை நியமித்தது. சட்டப்படி கூட்டு கலைந்தது 1975 ஜனவரியில். 'விலக விரும்பும் பங்குதாரர் இத்தனை மாதம் முன்னறிவிப்பு கொடுத்து, தன் எதிர்கால வருமானத்தோடு வெளியேறலாம்' என்று 1967-ல் ஒரு பத்தி எழுதியிருந்தால் அந்த வழக்குக்கு அவசியமே இருந்திருக்காது. பின்னாளில் மற்ற மூவரும் கிளைனோடு முறித்துக்கொண்டு வழக்காடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் இரண்டு பக்கமும் வெட்டும். ஸ்மித்ஸ் குழுவில் ரஃப் டிரேட் நிறுவனத்தோடு கையெழுத்திட்டவர்கள் மோரிஸ்ஸியும் ஜானி மாரும் மட்டுமே. ஒலிப்பதிவு, மேடை வருமானத்தில் அவர்கள் தலா 40, டிரம்மர் மைக் ஜாய்சுக்கும் பாஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் தலா 10 என்று பிரித்தார்கள். 1987-ல் குழு கலைந்தது. கடனில் இருந்த ரூர்க் 83,000 பவுண்டும் பத்து சதவீதமும் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். ஜாய்ஸ் நீதிமன்றம் போனார். பிரிட்டனின் 1890-ம் ஆண்டுப் பங்குதாரர் சட்டத்தின் 24-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமபங்கு என்கிறது. பத்து சதவீதத்துக்கு ஜாய்ஸ் சம்மதித்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. 25 சதவீதம், பாக்கியாக ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு. 1998-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

ஸ்பாண்டாவ் பேலே குழுவில் நடந்தது இதற்கு நேர் எதிர். பாட்டுகளை எழுதிய கேரி கெம்ப் தன் பதிப்பு வருமானத்தில் ஒரு பகுதியை ஒரு காலம் வரை மற்றவர்களுக்குக் கொடுத்தார், பிறகு நிறுத்தினார். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார் என்று மூவர் வழக்குப் போட்டு 1999-ல் தோற்றார்கள். ஒரு வழக்கில் எழுதாமல் விட்டவர்கள் பணத்தை இழந்தார்கள், இன்னொன்றில் எழுதி வாங்காதவர்கள். இரண்டு குழுவிலும் சிறு வயதிலிருந்து பழகிய நட்பு சேர்ந்தே போனது.

பெயர் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த கண்ணி. பிங்க் ஃபிளாய்டை விட்டு விலகுவதாக 1985 டிசம்பரில் இசைத்தட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ், தான் இல்லாமல் அந்தப் பெயர் இருக்காது என்று நம்பினார். டேவிட் கில்மோரும் நிக் மேசனும் அதே பெயரில் தொடர்ந்தார்கள். 1986-ல் வாட்டர்ஸ் வழக்குத் தொடர்ந்தார், 1987 டிசம்பரில் சமரசம் ஆனது. பெயர் அவர்களுக்கு, 'தி வால்' மேடையாக்க உரிமை இவருக்கு. இதே குழுவில் இன்னொரு நுணுக்கமான விஷயம் உண்டு. 'தி வால்' பதிவின்போது வெளியேற்றப்பட்ட கீபோர்டு கலைஞர் ரிக் ரைட், 1980-81 மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். அந்த நிகழ்ச்சிகள் பெரும் நஷ்டம். நஷ்டத்தை மூன்று பங்குதாரர்கள் சுமந்தார்கள், லாபத்தோடு வீடு போனவர் அந்தச் சம்பளக்காரர் ஒருவர்தான்.

ஈகிள்ஸ் குழு கம்பெனியாகவே பதிவு செய்துகொண்டது. டான் ஹென்லி, கிளென் ஃப்ரே, டான் ஃபெல்டர் மூவருக்கும் சமபங்கு. 1980 ஜூலையில் லாங் பீச் மேடையில் ஃப்ரேயும் ஃபெல்டரும் பாட்டுக்குப் பாட்டு மைக்கை விட்டு விலகி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டார்கள், அத்தோடு குழு நின்றது. 1994-ல் மறுபடி சேர்ந்தபோது ஹென்லியும் ஃப்ரேயும் தங்களுக்குக் கூடுதல் பங்கு கேட்டார்கள். 2001-ல் ஃபெல்டர் நீக்கப்பட்டார், வழக்கு 2007-ல் சமரசத்தில் முடிந்தது. 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் இசைக்கு விதை போட்டவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சமமாகப் பிரித்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலில் ஹிட் பாட்டுகளை எழுதியவர் ஜான் ஃபோகர்ட்டி ஒருவரே. அண்ணன் டாம் 1971-ல் மனம் கசந்து வெளியேறினார். மீதி இருவரும் தங்களுக்கும் எழுதும் பங்கு கேட்டார்கள். 1972-ல் 'மார்டி க்ரா' ஆல்பத்தில் மூவரும் அவரவர் பாட்டை அவரவரே எழுதிப் பாடினார்கள். விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள், அந்த அக்டோபரில் குழு முடிந்தது. எழுதத் தெரியாதவரை எழுத வைப்பது சமத்துவம் ஆகாது. எழுதுபவர் எழுதட்டும், பணத்தில் ஒரு பகுதி மட்டும் பகிரப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை அவர்கள் காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பிறகு குழுவின் இசைத்தட்டு நிறுவனமான ஃபான்டசி, ஜானின் புதிய பாட்டு அவருடைய பழைய பாட்டைப் போலவே இருக்கிறது என்று அவர் மீதே வழக்குப் போட்டது. சாட்சிக் கூண்டில் கிட்டார் வாசித்துக் காட்டி 1988-ல் ஜெயித்தார். வழக்குச் செலவு பற்றிய தகராறு 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் டாம் இறக்கும்வரை சகோதரர்கள் ஒன்றுசேரவில்லை.

டோர்ஸ் குழு எல்லாப் பணத்தையும் நாலாகப் பிரித்தது, எந்த முடிவையும் ஒருவரே தடுத்துவிடும் தடை அதிகாரமும் ஒவ்வொருவருக்கும் இருந்தது. 1968-ல் ஜிம் மோரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவர் ஒரு கார் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். திரும்பி வந்த அவர் கொதித்துப் போனார், விளம்பரம் நின்றது. பல வருடம் கழித்து டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் அதே தடை அதிகாரத்தை வைத்து இன்னொரு கார் நிறுவனம் தர முன்வந்த பெரும் தொகையை மறுத்தார், பெயரைப் பயன்படுத்திய சக கலைஞர்கள் மீது வழக்கும் போட்டு வென்றார். தடை அதிகாரம் ஒரு குழுவின் மானத்தைக் காக்கும், நட்பைக் காக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்இஎம் குழுவில் மட்டும் இது பலித்தது. யார் எழுதினாலும் அகரவரிசையில் நால்வர் பெயரும், சம பணம், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். 1997-ல் டிரம்மர் விலகியபோதும் சண்டை இல்லை, 2011-ல் கலைந்தபோதும் இல்லை.

ஒயாசிஸ் மாதிரியான சகோதரச் சண்டைக்கு இந்த விளக்கம் முழுதாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடையேறும் முன் அண்ணன் நோயல், தம்பி லியாம் கேலகர் சண்டையில் உடைந்த கிட்டாரை எந்த ஒப்பந்தமும் காப்பாற்றியிருக்காது. ஆனால் அங்கும் முதல் ஆல்பத்தின் எல்லாப் பாட்டுக்கும் கீழே நோயல் பெயர் மட்டுமே இருக்கிறது. 1995-ல் நீக்கப்பட்ட முதல் டிரம்மர் டோனி மெக்கரோல் வழக்குப் போட்டு 1999-ல் 5,50,000 பவுண்டு வாங்கிக்கொண்டுதான் விலகினார்.

இதை ஒரு தமிழ் நாளிதழுக்கு எழுதக் காரணம் உண்டு. நம்முடைய 1932-ம் ஆண்டு இந்தியப் பங்குதாரர் சட்டம் மேலே சொன்ன 1890-ம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்ததுதான். அதன் 13-வது பிரிவும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமபங்கு என்கிறது. சென்னையில் நான்கு பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு போட்டு, காசு வாங்கி மேடையேறினால், பத்திரம் எதுவும் எழுதாவிட்டாலும் நீதிமன்றம் அவர்களைப் பங்குதாரர்களாகப் பார்க்க இடமுண்டு. அந்தக் கூட்டைப் பதிவு செய்யாவிட்டால் 69-வது பிரிவின்படி ஒப்பந்த உரிமைக்காக ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போடுவதும் சிக்கல். கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டுமே வழி திறந்திருக்கும். பிரிவதற்கு மட்டும் உதவும் நிலை இது.

ஆகவே முதல் மேடைக் காசு வரும் முன்பே இரண்டு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். யார் பங்குதாரர், யார் சம்பளத்துக்கு வாசிப்பவர். குழுவின் பெயர் யாருக்கு, விலகியவர் 'முன்னாள்' என்று போட்டுக்கொள்ளலாமா. வணிகமுத்திரையைக் கேளிக்கைச் சேவைக்கான 41-வது வகுப்பில் தனி ஒருவர் பெயரில் பதிந்தால் பின்னால் வம்பு, கூட்டின் பெயரில் பதியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு. விலகியவருக்கு அவர் வாசித்த பதிவுகளின் வருமானம் தொடருமா. வெளியே வேறு குழுவில் வாசிக்கலாமா: மெட்டாலிகாவில் பாஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 2001-ல் விலக முக்கியக் காரணம் அவருடைய தனிக் குழுவுக்குப் போடப்பட்ட தடை. அந்தக் காலகட்டத்தில் அந்தக் குழு சமரசம் பேச ஓர் ஆலோசகருக்கு மாதம் 40,000 டாலர் கொடுத்தது. ஒரு வழக்கறிஞரின் ஒருநாள் கட்டணம் அதைவிடக் குறைவு.

எழுதுபவர் ஒருவரே என்றால், எழுத்து வருமானத்தில் பாதியை அவருக்கு ஒதுக்கிவிட்டு மீதிப் பாதியை அவர் உட்பட எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது நல்ல நடைமுறை. நான்கு பேர் குழுவில் எழுதியவருக்கு 62.5, மற்றவர்களுக்குத் தலா 12.5 சதவீதம் வரும். எழுதியவரின் உழைப்புக்கும் மதிப்பு இருக்கும், டிரம்மருக்கும் அந்தப் பாட்டு ஆல்பத்தில் வர வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

இந்தச் சதவீதத்தைப் பாட்டுக்குப் பாட்டு, பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பாட்டின் பெயர், மெட்டு யார், வரிகள் யார், தூக்கி நிறுத்தும் கிட்டார் அல்லது கீபோர்டு பகுதி யார் போட்டது, யாருக்கு எத்தனை சதவீதம். மொத்தம் 100 வர வேண்டும். பாட்டு எழுதியவர்களின் ராயல்டியை இந்தியாவில் வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாட்டைப் பதியும்போதும் இதே எண்களைக் கொடுக்க வேண்டும். இருவர் வேறு வேறு சதவீதம் பதிந்தால், தகராறு தீரும்வரை அந்தப் பாட்டின் பணம் யாருக்கும் வராமல் முடங்கக்கூடும்.

இப்படிக்கு,
இசை உரிமை ஒப்பந்தத் துறையில் பணிபுரியும் வாசகர்,
சென்னை